ஆயா சாப்பிட்ட கேக்: மேல்சித்தாமூரிலிருந்து பர்மிங்காம் வரை

இந்த எபிசோட் ஒரு எலுமிச்சை கேக்ல ஆரம்பிக்குது. கடையில வாங்கினது, அட்டைப் பெட்டியில போட்டு மேல பிளாஸ்டிக் தாள் சுத்தினது. அதை என் ஆயாவுக்குக் குடுத்தது நான்தான். எனக்கு அப்போ 9 வயசு.

நாங்க இருந்தது இங்கிலாந்துல, பர்மிங்காம்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஸ்கூல் பெரிய லீவுல, ஆகஸ்ட் மாசம் ஊருக்கு வருவோம். ஊர்னா மேல்சித்தாமூர். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவுல உள்ளடங்கின கிராமம். செஞ்சிக் கோட்டைக்கு டிரிப் போனவங்ககூட இந்த ஊருக்குள்ள வந்திருக்க மாட்டீங்க. ஆனா தமிழ்ச் சமணர்களுக்கு இதுதான் தலைமை இடம். ஜினகாஞ்சி மடம் இங்கதான் இருக்கு. பேர்லயே காஞ்சி இருக்கு பாருங்க, காஞ்சிபுரத்துப் பக்கம் இருந்த மடத்தோட தொடர்ச்சி இது. மடத்துக்குத் தலைவரா யார் வந்தாலும் அவருக்குப் பட்டப்பெயர் லட்சுமிசேன பட்டாரகர். பெரிய பார்சுவநாதர் கோயில், மானஸ்தம்பம், பக்கத்துலயே பாறையில செதுக்கின பழைய மலைநாதர் கோயில். தேர்த் திருவிழா எங்க லீவுக்குள்ள வந்ததே இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஓடாம நிக்கிற தேர்தான்.

அந்த வருஷம் என் சொந்தக் காசுல ஆயாவுக்கு ஏதாவது வாங்கணும்னு ஆசை. கேக் வாங்கினேன். பெட்டியில ஒரு பச்சைக் குறி, பக்கத்துல "சைவ உணவாளர்களுக்கு ஏற்றது"ன்னு இங்கிலீஷ்ல. நானா படிச்சுக் கண்டுபிடிச்சேன்னு பெருமை வேற.

ஆயா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இதுல அது இல்லியே?"ன்னாங்க. முட்டைங்கிற வார்த்தையை அவங்க வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. "இல்ல ஆயா, சைவம்னு போட்டிருக்கு." விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்துச்சு. ஒரு துண்டு எடுத்து முழுசா சாப்பிட்டாங்க. நேத்து வடிச்ச சோத்தையே தொடாத ஆயா, எப்பவோ எங்கயோ செஞ்சு பெட்டியில அடைச்ச கேக்கைச் சாப்பிட்டாங்கன்னா அது எனக்காக மட்டும்தான். எங்க வீட்டுல அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததில்ல.

காலிப் பெட்டியில நான் கூழாங்கல் சேர்த்து வெச்சிருந்தேன். திரும்பிப் போற விமானத்துல பொழுது போகாம அந்தப் பெட்டியைப் படிச்சேன். கோதுமை மாவு, சர்க்கரை, அப்புறம் முட்டை. பக்கத்துல, திறந்தவெளியில வளர்ந்த கோழிகளோட முட்டைன்னு ஒரு விளக்கம்.

இப்போ கொஞ்சம் வரலாறு.

சமணம்னா மதுரைப் பக்கத்து மலைக்குகைகள்தான் பல பேருக்கு ஞாபகம் வரும். ஏதோ முடிஞ்சு போன சங்கதி மாதிரி. முடியல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல சமணர்கள் சுமார் 89 ஆயிரம் பேர். அதுல ராஜஸ்தான், குஜராத்ல இருந்து வந்து குடியேறினவங்களும் அடக்கம். எங்களை மாதிரி தமிழே தாய்மொழியா இருக்கிற, பேருக்குப் பின்னால நயினார்னு போட்டுக்கிற குடும்பங்கள் செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பக்கத்துக் கிராமங்கள்ல பல தலைமுறையா இருக்கு. நெல்லும் மணிலாவும் போடுற விவசாயக் குடும்பங்கள்தான்.

செஞ்சிக்குப் பக்கத்துலயே திருநாதர்குன்று இருக்கு. பாறையில 24 தீர்த்தங்கரர்களையும் ரெண்டு வரிசையா செதுக்கியிருப்பாங்க. அங்க ஒரு கல்வெட்டு. சந்திரநந்தின்னு ஒரு ஆசிரியர் 57 நாள் உண்ணாம இருந்து உயிர் விட்ட இடம்னு சொல்லுது. ஏறக்குறைய 1,500 வருஷம் பழசு. தமிழ் எழுத்து வரலாறு படிக்கிறவங்க 'ஐ' எழுத்துக்காக இந்தக் கல்வெட்டைக் கொண்டாடுவாங்க. எனக்கு அது வேற மாதிரி படுது. எங்க வட்டாரத்துல கல்லுல எழுதி வெச்சிருக்கிற பழைய செய்திகள்ல ஒண்ணு, ஒருத்தர் சாப்பிடாம இருந்ததைப் பத்தினது.

இல்லறத்துல இருக்கிறவங்களுக்கு அவ்வளவு கடுமை கிடையாது. ஆனா பட்டியல் நீளம். கறி, மீன், முட்டை, கள் கூடாது. தேன் கூடாது. அத்தி, ஆல், அரசு இனத்துல அஞ்சு மரத்துப் பழங்கள் கூடாது, அதுக்குள்ள பூச்சி இருக்கும்கிறதால. தண்ணியைத் துணியில வடிகட்டித்தான் குடிக்கணும். மழைக்கால நாலு மாசமும் கீரையைத் தவிர்க்கிறவங்க உண்டு. எல்லாத்துக்கும் மேல, பொழுது சாய்ஞ்சா சாப்பாடு இல்ல. விளக்கு வெளிச்சத்துல சமைச்சா சின்ன உயிர் எது வந்து விழுதுன்னு தெரியாது, அதுதான் காரணம். எல்லாரும் எல்லாத்தையும் கடைப்பிடிக்கிறாங்கன்னு நான் சொல்லல. உருளைக்கிழங்கு சாப்பிடுற சொந்தக்காரங்க எனக்கு நிறைய. ஆனா ஆயா இந்தப் பட்டியலை முழுசா வாழ்ந்தவங்க.

இந்த ராத்திரிச் சாப்பாட்டு விதியை பர்மிங்காமுக்குக் கொண்டு போனா என்ன ஆகும்? மேல்சித்தாமூர்ல வருஷம் பூரா சூரியன் மறையறது ஏறக்குறைய அஞ்சே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவுல. ஒரு மணி நேர வித்தியாசம்தான். பர்மிங்காம்ல டிசம்பர் கடைசியில நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடும். ஜூன்ல ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம். அப்பா வேலை முடிஞ்சு ஆறு மணிக்கு வருவார். குளிர்காலத்துல விதிப்படி நடந்தா அவருக்கு ராச்சாப்பாடே கிடையாது. கோடையில ஒன்பது மணிக்குச் சாப்பிட்டாலும் தப்பில்ல. அம்மா கொஞ்ச நாள் ஸ்கூல் விட்டு வந்ததும் மூணரை மணிக்கு எனக்குச் சோறு போட்டுப் பாத்தாங்க. அப்புறம் விட்டுட்டாங்க. சூரியன் எங்களைக் கைவிட்டுச்சு, முட்டையையாவது பிடிச்சு வைப்போம்னு அம்மா நினைச்சிருக்கணும்.

அப்போ அந்தப் பச்சைக் குறி பொய்யா? பொய் இல்ல. 1847ல இங்கிலாந்துல ராம்ஸ்கேட்ங்கிற கடற்கரை ஊர்ல வெஜிடேரியன் சொசைட்டி ஆரம்பிச்சாங்க. அவங்க கணக்குல கொல்லாம கிடைக்கிற பாலும் முட்டையும் சைவம். நம்ம ஊர்ல முட்டை சேர்த்த பொட்டலத்துல அசைவக் குறிதான் இருக்கும். சைவம்னு மொழிபெயர்க்கிறோமே தவிர, அந்த வார்த்தையும் நம்ம வார்த்தையும் ஒண்ணு இல்ல. (எங்களுக்கு 'சைவம்'ங்கிற வார்த்தையிலயே ஒரு சிக்கல் இருக்கு. நாங்க சைவர்கள் இல்லியே! அது தனி எபிசோட்.)

இந்தக் குழியில எனக்கு முன்னாடி விழுந்தவர் ஒருத்தர் இருக்கார். 1888ல 18 வயசுப் பையனா லண்டனுக்குப் படிக்கப் போன மோகன்தாஸ் காந்தி. கிளம்புறதுக்கு முன்னாடி மதுவையும் பெண்ணையும் மாமிசத்தையும் தொட மாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணார்ல, அந்தச் சத்தியத்தை முன்னால இருந்து செய்ய வெச்சது பேசர்ஜி சுவாமின்னு ஒரு ஜைனத் துறவி. லண்டன் போய் அங்க இருக்கிற சைவ உணவுக்காரங்களோட சேர்ந்தார். முட்டை மாமிசம் இல்லன்னு அவங்க வாதம் பண்ணாங்க. இவரும் கொஞ்ச நாள் சாப்பிட்டார். அப்புறம் யோசிச்சார். மாமிசம்னா என்னங்கிறதுக்கு இங்கிலாந்துல மூணு விளக்கம் இருக்கலாம், ஆனா சத்தியம் வாங்கின அம்மா எதை மனசுல வெச்சு வாங்கினாங்களோ அந்த விளக்கம்தான் தன்னைக் கட்டுப்படுத்தும்னு முடிவு பண்ணார். முட்டையை விட்டார். சைவ உணவகத்துலயே பல புட்டிங், கேக்ல முட்டை இருந்ததால, ஒவ்வொரு தடவையும் இதுல என்ன இருக்குன்னு கூச்சப்பட்டுக்கிட்டு விசாரிக்க வேண்டியதாச்சுன்னு 'சத்திய சோதனை'யில எழுதியிருக்கார். காலேஜ்ல அதைப் படிச்சப்போ எனக்கு அந்த விமானம்தான் ஞாபகம் வந்துச்சு.

சரி, முட்டை போடாம கேக் வருமா? அம்மாவுக்கு இது தெரியாது. ஊர்ல எங்க வீட்டுல ஓவனே கிடையாது. பர்மிங்காம் வாடகை வீட்டுல இருந்த ஓவன்ல அம்மா சட்டி பானைதான் அடுக்கி வெச்சிருந்தாங்க. விமானத்துல நான் அழுதுக்கிட்டே சொன்னப்போ ஒண்ணும் பேசல. வீட்டுக்குப் போனதும் ஓவனைக் காலி பண்ணாங்க.

முதல் கேக் செங்கல். ரெண்டாவது பொங்கி, நடுவுல அமுங்கி, எரிமலை வாய் மாதிரி ஆச்சு. மூணாவதுல சோடா அதிகமாகி சோப்பு வாசனை. முட்டை கேக்ல ரெண்டு வேலை பாக்குது. அடிக்கும்போது காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், சூட்டுல இறுகி உருவத்தைத் தாங்கும். முட்டை இல்லன்னா காத்துக்கு ஒண்ணு, உருவத்துக்கு ஒண்ணுன்னு ஆள் தேடணும். தயிரோட புளிப்பும் சோடாவும் சேர்ந்தா கரியமில வாயு கிளம்பும், காத்து கிடைச்சிடும். ஆனா அது கலந்த உடனே கிளம்ப ஆரம்பிச்சிடும். மாவைக் கலந்து வெச்சிட்டு ஃபோன் பேசினா போச்சு. அம்மாவோட ரெண்டாவது கேக் அமுங்கினதுக்கு ஊர்ல இருந்து வந்த ஒரு ஃபோன் காலும் காரணம்.

உருவத்துக்கு மில்க்மெய்ட் டின். இந்தியாவுல முட்டையில்லா கேக்னாலே ரொம்ப வீடுகள்ல மில்க்மெய்ட் கேக்தான். அதுவும் பழைய கதை. 1866ல ஸ்விட்சர்லாந்துல ஆரம்பிச்ச கம்பெனியோட சரக்கு. 1912ல இருந்து நெஸ்லே இந்தியாவுல கெட்டிப்பால் வித்துட்டு இருக்கு. கெடாத பாலுக்காக வந்த டின், அப்புறம் நம்ம கேக்குக்கு முட்டையோட இடத்துல உக்காந்துடுச்சு.

ஆனா இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது என்னை உக்கார வெச்ச விஷயம் வேற. எங்க ஊர்லயே, அதாவது பர்மிங்காம்லயே, ஆல்ஃப்ரெட் பேர்டுன்னு ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்காது, ஈஸ்ட்டும் ஒத்துக்காது. 1837ல அவர் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரைக் கண்டுபிடிச்சார், சோள மாவை வெச்சு. 1843ல ஈஸ்ட் இல்லாம மாவை உப்ப வைக்க பேக்கிங் பவுடர். அந்தக் கம்பெனியோட பழைய ஃபேக்டரி இப்பவும் டிக்பெத் பகுதியில இருக்கு, கஸ்டர்ட் ஃபேக்டரின்னே பேரு. இப்போ கடைங்களும் ஸ்டுடியோக்களுமா மாத்திட்டாங்க. பஸ்ல அந்தப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கேன். ஜீவகாருண்யத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மனைவிக்கு உடம்புக்கு ஆகாத ஒண்ணு, அவ்வளவுதான். அவர் செஞ்ச பொடியைத்தான் அம்மா ஒன்றரை ஸ்பூன் அளந்து போட்டுட்டு இருந்தாங்க.

இன்னொரு உதவி யுத்தத்துல இருந்து வந்துச்சு. இரண்டாம் உலகப் போர் சமயம் பிரிட்டன்ல 1941ல இருந்து முட்டைக்கு ரேஷன். ஆளுக்கு வாரத்துக்கு ஒரு முட்டை கிடைச்சா பெருசு. 1953 வரைக்கும் அந்தக் கட்டுப்பாடு இருந்துச்சு. அந்த 12 வருஷத்துல அந்த ஊர் அம்மாக்கள் வினிகரும் சோடாவும் போட்டு முட்டையில்லாம கேக் சுட்டுப் பழகிட்டாங்க. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி அப்படிச் சுட்டு வளர்ந்தவங்க. அம்மா கேட்டப்போ, ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்காம அளவு சொல்லிக் குடுத்தாங்க. வினிகர் புளிக்க வெச்சு எடுக்கிறதுங்கிறதால அம்மா அதுக்குப் பதிலா எலுமிச்சம்பழம் பிழிஞ்சாங்க. நாலாவது கேக் எழுந்து நின்னுச்சு.

எனக்கு 11 வயசுல அடுத்த லீவு. அம்மா தன் கையால சுட்ட கேக்கை டின்ல அடைச்சுக் கொண்டு வந்தாங்க. ஆயா டின்னை வாங்கி, மூடியைத் திறந்து, மோந்து பாத்து, "நாளாயிடுச்சேம்மா"ன்னு மூடிக் குடுத்துட்டாங்க. கோவமே இல்ல. எங்க சாப்பாட்டு விதியில காலமும் உண்டு, செஞ்சு நேரம் கடந்தா அது உணவு இல்ல. அம்மா முகம் சுருங்கிப் போச்சு. நான் அந்த வருஷமும் உண்மையைச் சொல்லல.

இந்த ஊர்ல போய்த் திரும்பி வர்றதைப் பத்தி ஒரு பழைய கதை உண்டு. 1906ல வந்த டபிள்யூ. பிரான்சிஸோட தென்னாற்காடு மாவட்ட கெஜட்டியர்ல பதிவாகியிருக்கு. செஞ்சியை ஆண்ட ஒரு நாயக்கர் சமணர்கள்கிட்ட பெண் கேட்டாராம். தர்றேன்னு சொல்லிட்டு, கல்யாண வீட்டுல ஒரு நாயைக் கட்டி வெச்சுட்டு ஊரே ஓடிப் போச்சாம். அவமானப்பட்டவர் சமணர்களை வெட்டச் சொன்னாராம். பயந்து பலர் விபூதி பூசிக்கிட்டு சைவரா மாறினாங்க. அவங்களுக்கு நீறுபூசி வேளாளர்னே பேரு. மறைவா சடங்கு செஞ்சு மாட்டி, உயிர் தப்பின ஒருத்தர் சிரவணபெளகொளா போய்ப் படிச்சு வீரசேனாச்சாரியார்னு துறவியானார். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையத்துல அடைக்கலமாகி, அப்புறம் அந்த வீரசேனரைத் தேடிக் கூட்டிட்டு வந்து, மாறிப் போனவங்களை மறுபடி சமணத்துல சேர்த்தார்னு கதை முடியுது.

வருஷம் 1478ன்னு போட்டிருக்கு. அதை அப்படியே நம்ப வேண்டாம், செஞ்சி நாயக்கர் ஆட்சியே அதுக்குப் பின்னாலதான். நாயைக் கட்டின பகுதியில ஒரு சாதித் திமிர் இருக்குங்கிறதையும் நான் மறைக்க விரும்பல. சின்ன வயசுல இதைக் கேட்டுச் சிரிச்சிருக்கேன், இப்போ சிரிப்பு வரல. ஆனா கதையோட பின்பாதி எனக்கு முக்கியம். வெளியூர் போய்த் திரும்பினவங்களும், உள்ளூர்ல இருந்தே மாறிப் போனவங்களும், எப்படி மறுபடி ஒரே பந்தியில உக்காந்தாங்க? யார் யாரை என்ன கேள்வி கேட்டாங்க? கெஜட்டியர்ல அது இல்ல.

13 வயசுல சொன்னேன். திண்ணையில ஆயா அரிசி புடைச்சிட்டு இருந்தாங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி குடுத்த எலுமிச்சை கேக், அதுல அது இருந்துச்சு ஆயான்னு சொன்னேன். முறம் நின்னுச்சு.

"தெரிஞ்சு குடுத்தியா?"

"இல்ல ஆயா. அப்புறம்தான் படிச்சேன்."

"அப்போ ஏன் நாலு வருசம்?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. முறம் மறுபடி ஆட ஆரம்பிச்சுச்சு. மறுநாள் அவங்க வெந்நீர் தவிர எதுவும் எடுத்துக்கல. ஏதோ நோன்புன்னு எல்லாரும் நினைச்சாங்க. பெரியம்மாதான் எனக்கு மட்டும் சாடை காட்டினாங்க, இது பஞ்சாங்கத்துல இல்லாத நோன்புன்னு.

அதுக்கு அடுத்த நாள் அம்மாவைக் கூப்பிட்டாங்க. "அங்க என்னமோ செய்றியாமே. இங்க செய். நான் பாக்கணும்."

ஓவன் ஏது? குக்கர்ல மணல் போட்டுச் சுடலாம்னு பெரியம்மா சொன்னாங்க. ஆத்து மணலை ஆயா தானே சலிச்சு, எறும்பு இல்லாம பாத்து, மதியம் வரைக்கும் வெயில்ல காய வெச்சாங்க. மைதாவையும் ரெண்டு தடவை சலிச்சாங்க. காலையில தோய்ச்ச தயிர். எலுமிச்சம்பழம் தோட்டத்துல இருந்து. கடையில மில்க்மெய்ட் இல்ல, அம்மா பாலைச் சுண்டக் காய்ச்சி சர்க்கரை போட்டாங்க. மூடியில வெயிட்டும் ரப்பரும் கழட்டி, உள்ள மணல், மேல ஒரு தட்டு, அது மேல தூக்குச்சட்டி மூடியில மாவு. அடுப்புல ஏத்தும்போது மணி அஞ்சு.

ஆகஸ்ட்ல எங்க ஊர்ல ஆறரை வாக்குல பொழுது சாயும். கடுமையா இருக்கிறவங்க அதுக்கு ரெண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம் முன்னாடியே கை கழுவிடுவாங்க. ஆயா பொதுவா அந்தக் கட்சி. அஞ்சே முக்காலுக்கு அம்மா ஒரு ஈர்க்குச்சியைக் குத்திப் பாத்தாங்க, மாவு ஒட்டுச்சு. ஆறு மணிக்கும் ஒட்டுச்சு. ஆயா வாசப்படியில நின்னுக்கிட்டு மேற்கே பாக்குறதும் அடுப்பைப் பாக்குறதுமா இருந்தாங்க. ரெண்டு நாழிகை கணக்கு அன்னைக்கு அவங்க வாயில வரவே இல்ல.

ஆறே கால் இருக்கும், குச்சி சுத்தமா வந்துச்சு. ஆற வெச்சு எடுத்தாதான் உடையாதுன்னு அம்மா சொல்றதுக்குள்ள ஆயா கரண்டியால ஒரு ஓரத்தைப் பெயர்த்து, ஊதி ஊதி வாயில போட்டாங்க. நாங்க எல்லாரும் அவங்க தாடையையே பாத்துட்டு இருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, மெதுவா, "அன்னைக்கிக் குடுத்தியே, அது இன்னும் மெத்துனு இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, வாய் கொப்பளிச்சுட்டு விளக்கு ஏத்தப் போனாங்க.